மூன்று தண்ணீர் கண்ட நூல்

மேசையின் அடி இழுப்பறையில் இடுக்கியைத் தேடியபோது அந்தப் பழுப்பு உறை கையில் அகப்பட்டது. உன் பெயர் எழுதியிருந்த இடத்தில் மை நீலமாகப் பரவிக் காய்ந்து கிடக்கிறது. எழுதியவள் நான் என்பதால்தான் என்னால் படிக்க முடிகிறது. உள்ளே இரண்டு நூல் துண்டுகள், ஒவ்வொன்றிலும் இரண்டு முடிச்சுகள். மூக்கருகே கொண்டுபோனேன். அரிசிக் கஞ்சியின் புளித்த வாசனை மெலிதாக வந்தது. பதினொரு வருடத்துக்குப் பிறகு நூலில் வாசனை தங்குமா என்று தெரியவில்லை. நானாக நினைத்துக்கொண்டதாகவும் இருக்கலாம்.

வருடத்தில் ஒன்பது மாதம் தென்காசியிலும், அருவிக்குக் கூட்டம் வரும் மூன்று மாதம் குற்றாலத்திலுமாகப் பெண்களுக்கு வைத்தியம் பார்ப்பது இன்னும் என் வேலையாகத்தான் இருக்கிறது. டிஸ்பென்சரியை இங்கே மாற்றி மூன்று நாள் ஆகிறது. அதே வாடகை வீடு, அதே மேசை. ஒழுகும் இடமும் மாறவில்லை. வெளியே சாரல் நின்று நின்று விழுகிறது.

இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதுவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. நீ இதைப் படிக்கப்போவதில்லை என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். "உங்களுக்குச் சாமியும் கிடையாது, பேயும் கிடையாது. தனியா ஒரு வீட்ல எப்படித்தான் இருக்கீகளோ" என்று நீ சிரித்தது நினைவிருக்கிறது. தனியாக இருப்பது எனக்குக் கஷ்டமாக இருந்ததில்லை. பதினொரு வருடம் உன் எதிரே உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு, சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லாமல் எழுந்து வந்தேனே, அதுதான் கஷ்டமாக இருக்கிறது. தை மாதம் நீ போய்விட்டாய். இனி அதைச் சொல்வதற்கு இந்தக் காகிதம்தான் இருக்கிறது.

நீ முதலில் வந்தது ஒரு மாசி மாதம், தென்காசியில். கடைசி நோயாளியும் போகட்டும் என்று மூலையில் உட்கார்ந்திருந்தாய். உன் அண்ணன் வாசலில் வேப்பமரத்தடியில் நின்றான். உன்னை உள்ளே கூப்பிட்டு, முக்காட்டை எடுக்கச் சொன்னேன். எடுக்கவில்லை.

"எடுத்தா மூஞ்சியப் பாத்துட்டு எல்லாரும் ஒரு வைத்தியம் சொல்லுதாக. நீங்களும் சொல்லுவீக. மொதல்ல நான் செஞ்சு முடிச்சதெல்லாம் சொல்லிருதேன், அப்பறம் மிச்சத்த நீங்க சொல்லுங்க."

நீ விரல் விட்டு எண்ணிச் சொன்னாய். பச்சிலைப் பற்றும் கஷாயமும் மூன்று மாதம். ஊசியைப் பழுக்கக் காய்ச்சிச் சூடு. தண்ணீர் ஓதிக் கொடுத்தது. ஐந்தருவியில் பெண்கள் பக்கம் ஏழு நாள் நின்றது.

"அருவித் தண்ணி விழுந்தா வீக்கம் வத்தும்னாக. கழுத்துதான் சுளுக்கிக்கிச்சு."

பிறகு முக்காட்டை எடுத்தாய். வலது கீழ்த்தாடையில், கன்னம் முடியும் இடத்தில், எலுமிச்சங்காய் அளவு ஒரு புடைப்பு. அதன் மேல் சூடு போட்ட மூன்று தழும்பு. உனக்கு அப்போது முப்பத்தொன்றோ முப்பத்திரண்டோ, தறி நெய்துகொண்டிருந்தாய். ஆறு வருடமாக இருக்கிறது என்றாய். கொழும்பில் உன் கணவன் காய்ச்சலில் இறந்த செய்தி வந்த வருடம் முதன்முதலில் கையில் தட்டுப்பட்டதாம்.

வாய்க்குள் விரல் விட்டுத் தடவினேன். புடைப்பு கல் மாதிரி இருந்தது, வழுவழுப்பாக இருந்தது. அழுத்தினால் வலிக்கவில்லை. மேலே மூடியிருந்த ஈறு வெளிர்ச் சிவப்பாக, புண் இல்லாமல் இருந்தது. கடைவாய்ப் பற்கள் இரண்டு சற்றே விலகியிருந்தன, ஆனால் ஆடவில்லை. பஞ்சைத் திரித்து உன் கீழுதட்டில் மெல்லத் தொட்டேன்.

"தெரியுதா?"

"தெரியுது. கூசுது. என்ன விளையாட்டு இது?"

விளையாட்டு இல்லை. கெட்ட கட்டியாக இருந்தால் தாடைக்குள் ஓடும் நரம்பைத் தின்றுவிடும், உதடு மரத்துப்போகும், பல் ஆடும், ஈறு புண்ணாகும். உனக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. இதையெல்லாம் உனக்கு விளக்கினேன். எலும்பு தன் வேலையைச் சரியாகச் செய்யாமல், பாதி எலும்பும் பாதி நாருமாகக் கலந்து வளர்கிற கட்டி ஒன்று உண்டு, அது உயிருக்குக் கெடுதல் செய்யாது, இது அதுவாக இருக்கலாம் என்றேன்.

"பாவும் ஊடையும் சரியா விழாத துணி மாதிரியா?"

"அது மாதிரிதான்."

"அப்ப பிரிச்சுட்டு நெய்யலாம்லா?"

அப்படிக் கேட்டுவிட்டு நீயே சிரித்தாய். நான் பட்டப்படிப்பில் ஒரு வருடம் படித்ததை நீ ஒரு நிமிடத்தில் பிடித்துக்கொண்டது எனக்குப் பிடித்திருந்தது. முகத்தில் காட்டவில்லை. அப்படிக் காட்டும் பழக்கம் எனக்கு இல்லை.

நல்லதையும் கெட்டதையும் பிரித்துச் சொல்வது காலம்தான் என்றும் சொன்னேன். நல்ல கட்டி வருடக் கணக்கில் வளரும். கெட்டது வாரக் கணக்கில் வளரும். ஆகவே அளக்க வேண்டும். டிஸ்பென்சரியில் ஒரு துணி நாடா இருந்தது. ஓரம் நைந்து எண்கள் அழிந்துபோனது, கன்னத்தின் வளைவில் படியவும் இல்லை. நீ இடுப்பிலிருந்து, தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் ஒன்றை உருவிக் கொடுத்தாய். அன்று காலை கஞ்சி போட்டுக் காய்ந்த நூல், கம்பி மாதிரி நிமிர்ந்து நின்றது. காதுமடலுக்குக் கீழே ஒரு முடிச்சு, மோவாயின் நடுவில் ஒரு முடிச்சு. புடைப்பின் மேல் அழகாகப் படிந்தது. மிச்சத்தைப் பல்லால் கடித்து அறுத்துக் கொடுத்தாய். உன் தெருவில் எல்லாரும் அப்படித்தான் அறுப்பார்கள் என்பதைப் பின்னால் பார்த்தேன்.

அந்த நூலையே உறையில் போட்டு வைத்தேன். அங்குலத்தில் மாற்றி எழுதவில்லை. எழுதும்போது கை தவறும், எண் தவறும். நூலையே வைத்துக்கொண்டால் தவறு நேர இடமே இல்லை என்று எனக்கு ஒரு எண்ணம். எண்ணம் என்ன, கர்வம்தான்.

சித்திரையில் திரும்ப வந்தாய். பழைய நூலை வைத்துப் பார்த்தேன். முடிச்சுகள் அதே இடத்தில் விழுந்தன. சந்தேகத்துக்கு, நீ கொடுத்த இன்னொரு புதுப் பாவு நூலிலும் முடிச்சிட்டு வைத்தேன். இரண்டும் ஒரே நீளம். வளரவில்லை. அன்று உன்னை உடனே அனுப்பவில்லை. காப்பி கொடுத்தேன்.

"இது காப்பியா, எனக்குக் குடுத்த பழைய கஷாயமா?" என்றாய். முழுவதையும் குடித்தாய்.

அன்றுதான் நீ பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுப்பதைப் பற்றிச் சொன்னாய். காலையில் தறிக்குழியில் இறங்குவதற்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு பெண்பிள்ளைகள் உன் வீட்டுக்கு வருவார்கள். உன் வாப்பா உனக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரி, ஒவ்வொரு எழுத்தையும் அதன் இடத்திலிருந்து எடுத்து ஓதக் கற்றுக்கொடுப்பாய். தொண்டையிலிருந்து வருவது, நுனிநாக்கிலிருந்து வருவது, உதட்டிலிருந்து வருவது என்று நீ சொல்லிக்காட்டியபோது, எனக்கு அர்த்தம் தெரியாவிட்டாலும், ஒரு உடற்கூற்றுப் பாடம் கேட்பது போல இருந்தது. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, அண்ணன் வீட்டில் ஒரு மூலையில் இருக்கிறாய். ஆனால் அந்தப் பிள்ளைகளால் தெருவே உன்னை மரியாதையாகப் பார்த்தது. அண்ணன் மனைவி, உன் மைனியும் அந்த ஒரு விஷயத்தில் உன்னிடம் வாய் திறக்க மாட்டாள்.

பிறகு சீசன் வந்தது, நான் குற்றாலத்துக்கு வந்தேன், உன் உறையும் இதே இழுப்பறைக்கு வந்தது.

ஆடியில் மூன்று நாள் விடாத மழை. ஒழுகல் சுவர் வழியாக இறங்கி மேசைக்குள் வந்திருந்தது. உறைகளை எடுத்துக் கரியடுப்பின் பக்கத்தில் பரப்பிக் காயவைத்தேன். ஒரு குரங்கு ஜன்னல் வழியாகக் கையை நீட்டிப் பஞ்சுப் பொட்டலத்தை இழுத்துக்கொண்டு போனது. அதை விரட்டிவிட்டு வந்தேன். உன் உறையில் மை கலைந்திருந்தது. நூல்கள் நனைந்திருந்தன. காய்ந்ததும் திரும்ப உள்ளே போட்டு வைத்தேன். அதை அன்று ஒரு விஷயமாகவே நினைக்கவில்லை.

அடுத்த வாரம் நீ மாட்டுவண்டியில் அண்ணனோடு வந்தாய். காதுமடலுக்குக் கீழே முதல் முடிச்சை வைத்தேன். இரண்டாவது முடிச்சு மோவாய்க்கு எட்டவில்லை. அரை விரல் குறைந்தது. அடுத்த நூலை எடுத்தேன். அதுவும் அரை விரல் குறைந்தது. ஒன்று பிழையாக இருக்கலாம், இரண்டும் ஒரே மாதிரிப் பிழையாகுமா? இரண்டு மாதம் அசையாமல் இருந்தது, அடுத்த மூன்று மாதத்தில் அரை விரல் வளர்ந்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றியது. 

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நீ வருவதற்கு இரண்டு வருடம் முன்னால் ஆலங்குளத்திலிருந்து ஒருத்தி தாடை வீக்கத்தோடு வந்தாள். பார்க்கலாம், பொறுக்கலாம் என்று நான்தான் சொன்னேன். அவளுடையது கெட்ட கட்டி. ஐந்து மாதத்தில் இறந்துபோனாள். உன் முகத்தின் மேல் நூலைப் பிடித்திருந்தபோது எனக்கு அவள் முகம்தான் தெரிந்தது. இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

"வளந்திருக்கு" என்றேன்.

"வளரல டாக்டரம்மா."

"அரை விரல் வளந்திருக்கு. நீயே பாரு."

"எனக்குக் கண்ணாடி எதுக்கு? நூலுல முடிச்சு விழுந்தா கண்ணப் பொத்திக்கிட்டே கண்டுபிடிச்சிருவேன். தெனமும் தடவிப் பாக்கேன். நேத்து இருந்த மாதிரிதான் இருக்கு."

"தினமும் பாக்கிறவங்களுக்குத் தெரியாது. நூலுக்குப் பொய் சொல்லத் தெரியாது."

இதைச் சொன்னவள் நான். யார் எதைச் சொன்னாலும் சந்தேகப்படுகிறவள் என்று பெயர் வாங்கியவள். அன்று உன்னைச் சந்தேகப்பட்டேன், உன் விரலைச் சந்தேகப்பட்டேன். பல் ஆடவில்லை, உதடு மரக்கவில்லை என்று எனக்கே தெரிந்ததையும் சந்தேகப்பட்டேன். நூலை மட்டும் சந்தேகப்படவில்லை. அது நனைந்து காய்ந்தது என்பதை உன்னிடம் சொல்லவும் தோன்றவில்லை. சொல்லியிருந்தால் நெய்கிறவள் நீ, அங்கேயே சிரித்திருப்பாய்.

வெகுதூரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சர்ஜனுக்குக் கடிதம் எழுதினேன். பாதித் தாடையை எடுக்க நேரலாம் என்று உன்னிடம் சொன்னேன். போகும் முன் நீ ஒரே கேள்விதான் கேட்டாய்.

"பாதித் தாடைய எடுத்துட்டா ஓத முடியுமா?"

"உயிர் இருக்கும்" என்றேன்.

 நீ முக்காட்டை இழுத்துக்கொண்டு, "அதக் கேக்கலியே" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாய்.

நான் உன்னோடு வரவில்லை. சீசன் கூட்டம் என்று காரணம் சொன்னேன்.

அங்கே எக்ஸ்ரே எடுத்தார்கள். நல்லதாகவும் இருக்கலாம், கெட்டதாகவும் இருக்கலாம், படத்தை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது என்று சர்ஜன் எனக்கு எழுதினார். சிறு துண்டு எடுத்துச் சோதித்தால், கெட்டதாக இருக்கும்பட்சத்தில் பரவிவிடும் என்ற பயம் அந்நாளில் பலருக்கும் இருந்தது. 'சமீபத்தில் விரைவாக வளர்ந்திருப்பதாக நீங்கள் குறிப்பிட்டிருப்பதால் தாமதிக்க விரும்பவில்லை' என்று அவர் கடிதம் முடிந்திருந்தது. ஆக, அவர் கையில் கத்தி இருந்தது, அதை நகர்த்தியது என் வரி.

புரட்டாசியில் நீ பாதித் தாடையோடு திரும்பி வந்தாய். மோவாய் வலப்பக்கம் இழுத்துப்போயிருந்தது. கீழுதடு தொங்கி, ஓரத்தில் எச்சில் வழிந்துகொண்டே இருந்தது, அதை ஒரு துணியால் ஒற்றிக்கொண்டே இருந்தாய். நான் பழக்க தோஷத்தில் பஞ்சைத் திரித்து உதட்டில் தொட்டேன்.

"தெரியுதா?"

தலையை ஆட்டினாய். தெரியவில்லை.

அந்த வாரமே ரிப்போர்ட் வந்தது. நாரும் எலும்பும் கலந்த கட்டி, கெடுதலற்றது, சுற்றிலும் தனி எல்லையோடு இருந்தது. அதாவது வாய்க்குள்ளிருந்து ஈறைப் பிளந்து, பலாச்சுளையிலிருந்து கொட்டையை எடுப்பது போல அதை மட்டும் கழற்றி எடுத்திருக்கலாம். தாடையின் அடி ஓரம் அப்படியே இருந்திருக்கும். மோவாய் இருந்த இடத்தில் இருந்திருக்கும். உதட்டின் நரம்பையும் பெரும்பாலும் காப்பாற்றியிருக்கலாம்.

உன் வீட்டில் அந்த ரிப்போர்ட்டை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். உன் அண்ணன் ஒரு தூக்குச்சட்டியில் சீனிச் சோறு கொண்டுவந்தான்.

"புத்து இல்லையாம்லா டாக்டரம்மா! அல்லா காப்பாத்திட்டான். உங்க கைராசி."

நான் அதை வாங்கிக்கொண்டேன். ஒரு வாய் தின்றேன். அவன் எதிரே நின்றதால் விழுங்க வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு பிள்ளைகள் ஒவ்வொருவராக ஓத வராமல் நின்றார்கள். உதட்டில் பிறக்கும் எழுத்துகள் உன்னிடம் உருக்குலைந்து போயிருந்தன. தப்பாக ஓதக் கற்றுக்கொள்வது பாவம் என்று தாய்மார்களுக்குப் பயம். அதை உன் மைனிதான் என்னிடம் சொன்னாள். நீ சொல்லவில்லை. தறியில் ஒரு சின்னக் கத்தியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தாய், நூல் அறுக்க.

ஐப்பசியில் ஒரு நாள் காலை உன்னைப் பார்க்க உங்கள் தெருவுக்கு வந்தேன். தெரு நீளத்துக்கும் பாவு ஓட்டிக் கஞ்சி தடவிக்கொண்டிருந்தார்கள். வீட்டு வாசலை நான் எட்டுவதற்கு முன்பே மேற்கே கறுத்து, சடசடவென்று தூறல் விழுந்தது. தெருவே எழுந்து ஓடியது.

"ஏட்டி, பாவு நனையுது! சுருட்டுங்கட்டீ!"

"ஏலே, கம்பப் புடில, வேடிக்கையா பாக்க?"

பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி மடியில் நூலை வாரிக்கொண்டு ஒதுங்கினாள். நான் சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன்.

"நனைஞ்சா என்ன, காஞ்சிடுமே?"

"நல்லாக் கேட்டீக! காஞ்சாலும் போன நீளம் வருமா? கஞ்சி போட்டு இழுத்துக் கட்டுன நூலு டாக்டரம்மா. ஒருக்கத் தண்ணி பட்டா உள்ள இழுத்துக்கிடும். பெறகு எம்புட்டு இழுத்தாலும் வராது."

நான் உன் வீட்டுக்குள் வரவில்லை. திரும்பிப் போய்விட்டேன். அன்று நீ என்னை வாசலில் பார்த்தாயா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் வாங்கிவந்த நூலை டிஸ்பென்சரி மேசை ஓரத்தில் வைத்து, உன் கன்னத்தின் நீளத்துக்கு இரண்டு முடிச்சிட்டேன். தண்ணீரில் நனைத்தேன். கரியடுப்பின் பக்கத்தில் வைத்தேன். காய்ந்ததும் மறுபடி மேசை ஓரத்தில் வைத்துப் பார்த்தேன். அரை விரல். இன்னும் நான்கு நூலில் செய்து பார்த்தேன். ஐந்தும் அரை விரலுக்கு ஒரு மயிரிழை கூடக்குறைய நின்றன. ஐந்து முறை செய்ததில் ஆராய்ச்சி எதுவும் இல்லை. ஒன்றாவது சுருங்காமல் இருக்காதா என்ற நப்பாசைதான்.

உன்னிடம் அடுத்த நாளே சொல்லியிருக்க வேண்டும். இது வெளியே தெரிந்தால் பெண்கள் என்னிடம் வர பயப்படுவார்கள், பிறகு ஊசிச் சூட்டுக்குத்தான் போவார்கள் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. ஆனால் அது காரணம் இல்லை. நான் சொன்ன பிறகு நீ என்னைப் பார்க்கும் பார்வையை என்னால் தாங்க முடியாது என்பதுதான் காரணம்.

நீயோ வந்துகொண்டே இருந்தாய். வெள்ளிக்கிழமை தறி இல்லாத நாளில் வருவாய். காப்பியை ஆறவைத்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, வழியாமல் குடிக்கக் கற்றுக்கொண்டிருந்தாய். உன் பேச்சு முதலில் எனக்குப் பாதிதான் புரிந்தது, பிறகு முழுவதும் புரிந்தது. ஒருநாள் நீ சொன்ன ஒரு சேதியில் உன் கண்ணில் பழைய குறும்பு தெரிந்தது.

"ரெண்டு பிள்ள திரும்ப வருது. நான் ஓதல. அவளுக ஓதுதாளுக, நான் கேக்கேன். தப்பு விட்டா பலகையில ஒரு தட்டு. எந்த எடத்துல தப்புன்னு அவளுகளே தேடணும். முன்னயவிட நல்லா ஓதுதாளுக சவத்துப் பிள்ளைக. வாய் இருந்தப்ப நானே எல்லாத்தையும் சொல்லிக்குடுத்துக் கெடுத்திருக்கேன்."

நான் சிரிக்கவில்லை. நீ சிரித்தாய், துணியால் ஒற்றிக்கொண்டாய்.

பிறகு யுத்தம் தொடங்கி ஒரு வருடமோ என்னவோ. என் மேசையில் இரண்டு கால் விரியும் இரும்புக் கவை ஒன்று கிடப்பதை எடுத்துப் பார்த்தாய். வீக்கங்களை அளக்க வரவழைத்தது.

"இது என்னத்துக்கு?"

"அளக்க."

"நூலு என்னாச்சு?"

"விட்டுட்டேன்."

ஏன் என்று நீ கேட்கவில்லை. கவையைத் திறந்து மூடித் திறந்து பார்த்துவிட்டு வைத்தாய். அடுத்த வெள்ளிக்கிழமை, கற்றையாக முறுக்கிய ஒரு சிட்டம் நூல் கொண்டுவந்து மேசையில் வைத்தாய். நூல் கிடைப்பதே அரிதாக இருந்த காலம்.

"அந்த இரும்பு வளைவுக்கு வராது. இத வச்சுக்கிடுங்க. கஞ்சி கெடையாது. மூணு தண்ணி கண்ட நூலு, மூணு தடவ வெயில்ல காய வச்சது. இனி இது எதுக்கும் சுருங்காது."

அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை. நீ என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பத்து வார்த்தையில் முடிந்திருக்கும். அந்த நூல் சுருங்கியது, நீ சொன்னது சரி என்று சொல்லியிருந்தால் போதும். வாயைத் திறந்தேன். பாதித் தாடை இல்லாத நீ அத்தனை பேசிவிட்டாய். முழுத் தாடையும் உள்ள எனக்கு வார்த்தை வரவில்லை.

"பால் பொங்குது, போய்ப் பாருங்க" என்றாய்.

நான் போய்ப் பார்த்தேன். அதற்குப் பிறகு நாம் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. நீ எப்போதிலிருந்து அறிந்திருந்தாய் என்றும் எனக்குத் தெரியாது. அந்தப் பக்கத்து வீட்டுப் பெண் நான் கேட்ட கேள்வியைச் சொல்லியிருக்கலாம். உங்கள் தெருவில் எந்தப் பேச்சும் ஒரு வீட்டோடு நிற்பதில்லை.

தை மாதம் உன் அண்ணன் ஆள் அனுப்பினான். நெஞ்சில் சளி கட்டி நான்கு நாள் காய்ச்சல். கையில் இருந்த மாத்திரைகள் எல்லாம் கொடுத்துப் பார்த்தேன். பட்டணத்தில் இப்போது பேசிக்கொள்கிற புது ஊசி மருந்து இங்கே வந்து சேரவில்லை. ஆறாம் நாள் காலையில் நீ கண் திறக்கவில்லை. மூச்சு மட்டும் ஓடியது. அடுத்த அறையில் பிள்ளைகள் ஓதிக்கொண்டிருந்தார்கள். நிறுத்தச் சொல்லட்டுமா என்று உன் மைனி என்னைக் கேட்டாள். நான் பதில் சொல்வதற்கு முன் உன் ஆள்காட்டி விரல் கட்டில் சட்டத்தில் ஒரு முறை தட்டியது.

அடுத்த அறையில் சத்தம் நின்றது. ஒரு சின்னக் குரல் அந்த வரியை முதலிலிருந்து மறுபடி எடுத்தது.

"கேட்டுக்கிட்டுதான் கெடக்கா" என்று மைனி வாயில் சேலையைப் பொத்திக்கொண்டாள். பதினொரு வருடத்தில் அவள் உனக்காக அழுது நான் பார்த்தது அன்றுதான்.

மதியத்துக்கு முன் நீ போய்விட்டாய். உங்கள் வழக்கப்படி, அடக்கம் செய்யும் கபருக்குப் பெண்கள் வருவதில்லை. மைனியும் நானும் வாசல்வரை வந்து நின்றோம். எனக்கு வேண்டுதல் எதுவும் தெரியாது. சும்மா நின்றேன்.

இன்று காலை நான் இடுக்கியைத் தேடியது ஏன் என்று சொல்லவில்லையே. ஆய்க்குடியிலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறாள், பதினேழு வயது. இடது கீழ்த்தாடையில் புடைப்பு. அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எடுத்து எறிஞ்சிருங்கம்மா. ஐப்பசில கல்யாணம் வச்சிருக்கு. மாப்பிள வீட்டுக்காரங்க கண்ணுல படக்கூடாது" என்றாள். கல்யாணத்தைத் தள்ளிவைக்கச் சொன்னேன். அம்மாவுக்குக் கோபம்.

பெண்ணிடம் கேட்டேன். "உனக்கு எப்படித் தெரியுது? வளருதா?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். "அவகிட்ட என்னத்தக் கேக்கீக? அவளுக்கு என்ன தெரியும்?" என்றாள் அம்மா. நான் காத்திருந்தேன். வெகுநேரம் கழித்து அந்தப் பெண், "போன தீவாளிக்கு இருந்ததுதான் இருக்கு" என்றாள். அதை நோட்டில் முதல் வரியாக எழுதினேன். பற்கள் ஆடுகின்றனவா என்று இடுக்கியால் அசைத்துப் பார்த்தேன். பஞ்சைத் திரித்து உதட்டில் தொட்டேன். கூசுகிறது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு உன் சிட்டத்திலிருந்து ஒரு முழம் எடுத்து அளந்தேன். நூலை எஃகுக் கோலில் வைத்து எண்ணையும் எழுதினேன். நனைத்துக் காயவைத்து மறுபடி கோலில் வைத்தேன். மாறவில்லை.

படம் எடுக்க வேண்டும், ஒரு சிறு துண்டு எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும், அதுவரை எவரையும் கத்தி எடுக்க விடப்போவதில்லை. நல்லதாக இருந்தால் வாய்க்குள்ளிருந்தே எடுத்துவிடலாம், கன்னத்தில் கீறல்கூட இருக்காது என்று அவளுக்குச் சொன்னேன்.

"கெட்டதா இருந்தா?" என்று கேட்டாள்.

"இப்போதைக்கு எனக்குத் தெரியாது" என்றேன். இந்த வாக்கியத்தை நான் உன்னிடம் ஒரு முறையாவது சொல்லியிருக்கலாம்.

மேலும் எழுத ஒன்றும் இல்லை. வாயால் சொல்ல முடியாததை எழுதியாவது வைக்கிறேன். உன் கட்டி வளரவில்லை. என் நூல் சுருங்கியது. நீ சொன்னாய், நான் கேட்கவில்லை. ஓத முடியுமா என்று கேட்டாய், அதற்கும் நான் பதில் சொல்லவில்லை.

அந்தப் பெண்ணை ஆவணிக் கடைசியில் மறுபடி வரச் சொல்லியிருக்கிறேன். உன் சிட்டத்தில் இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது.